கிடாரம் தட்டிய இரவு: மலைக்குடில்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் என் குசினிக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சுவிற்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், 2900 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஒரு மலைக்குடிலில் ஒன்பது கோடைகள் சமையல் உதவியாளாக நின்றவன் நான். அந்த உயரத்தில் தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் எங்கள் புழுங்கல் அரிசியோடு நான் பட்ட பாடு என்ன என்பதுதான் அந்தப் பக்கம். கடிதம் எழுதிய ஒருவராவது சோற்றைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புயலைப் பற்றித்தான் தெரியவேண்டியிருக்கிறது.

ஆல்ப்ஸ் மலைக்குடில் என்பது ஹோட்டலா, கொட்டிலா? பதிவு செய்யாமல் புயலில் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விடுவார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கட்டியது. ஜெர்மன்காரர் 'ஹுட்டே' என்றும் பிரெஞ்சுக்காரர் 'கபான்' என்றும் சொல்லும் மலைக்குடிலை முதன்முதல் பார்த்தபோது எனக்கு அந்த மடம்தான் நினைவுக்கு வந்தது. மலையேறுகிறவர்களின் சங்கமான சுவிஸ் அல்பைன் கழகம் 1863-இல் தொடங்கியது. அதே ஆண்டே டோடி மலையில் தன் முதல் குடிலைக் கட்டிவிட்டது. இன்று அந்தக் கழகத்துக்கு மட்டும் 150 குடில்களுக்கு மேல் உண்டு. ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸ் கழகங்களின் குடில்கள் வேறு.

உள்ளே சொகுசு ஒன்றும் கிடையாது. வரிசையாகப் போட்ட மெத்தை, ஆளுக்கொரு தலையணை, போர்வை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் குடிலின் செருப்பை மாட்டவேண்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம், ஏனென்றால் உச்சிக்குப் போகிறவர்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பித் தேத்தண்ணி கேட்பார்கள். குடிலைப் பார்த்துக்கொள்பவரை 'ஹுட்டன்வார்ட்' என்பார்கள். எங்கள் குடிலில் அது ஒரு பெண்மணி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

புயலில் வந்தவரைத் திருப்பி அனுப்பியதை நான் கண்டதில்லை. இடமில்லாத இரவுகளில் சாப்பாட்டு மேசைக்குக் கீழேகூடப் படுக்கவைத்திருக்கிறோம். அதற்காகப் பதிவு செய்யாமல் போகாதீர்கள். பதிவு இருந்தால்தான் நீங்கள் வரவில்லை என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும். வாசலில் இருக்கும் பெரிய புத்தகத்தில் எங்கிருந்து வந்தீர்கள், நாளை எங்கே போகிறீர்கள் என்று எழுதச் சொல்வதும் அதற்குத்தான். தேடுதல் என்று வந்தால் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் திறப்பார்கள். பலபேர் அதில் கவிதை எழுதுகிறார்கள்.

பருவம் முடிந்து நாங்கள் இறங்கும்போது பெரிய கதவைப் பூட்டிவிடுவோம், ஒரு அறையைத் தவிர. அதுதான் குளிர்கால அறை. மெத்தை, போர்வை, விறகு, அடுப்பு, காசு போட ஒரு பெட்டி எல்லாம் இருக்கும். எங்களுடையதன் கதவு உள்நோக்கித் திறக்கும், ஏனென்றால் வெளியே பனி குவிந்தால் தள்ளித் திறக்கமுடியாது. மண்வெட்டியை உள்ளே ஒன்று, வெளியே ஆணியில் ஒன்று என்று வைத்துவிட்டு வருவோம். ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் பல குளிர்கால அறைகளுக்குக் கழகத்தின் திறப்பு (சாவி) வேண்டும். போகமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

2018-இல் வின்யெட் குடிலுக்கு அருகிலேயே ஏழுபேர் இறந்ததாக வாசித்தேன். குடில் அரைக் கிலோமீற்றரில் இருந்ததாம். அதை எப்படி அடைய முடியாமல் போகும்? நம்பவே கடினமாக இருக்கிறது.
— வாசகி, பேர்ன்

நானும் மேலே போய் நிற்காதவனாக இருந்தால் நம்பியிருக்கமாட்டேன். பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிசின் செர்மாட்டுக்குப் பனிச்சறுக்குக் கட்டையில் போகும் பெயர்பெற்ற பாதை ஒன்று உண்டு. ஒவ்வொரு இரவும் ஒரு குடில். 2018 ஏப்ரல் 29 அன்று அந்தப் பாதையில் பின்யே தாரோலா மலையைக் கடந்து வந்தவர்களைப் புயல் பிடித்தது. மொத்தம் 14 பேர். அவர்கள் இரவை வெளியே கழித்த இடத்திலிருந்து வின்யெட் குடில் சுமார் 550 மீற்றர்தான். விடிய உதவி வந்தபோது சிலர் இறந்திருந்தார்கள், சிலர் பின்னர் இறந்தார்கள். ஏழு உயிர். அதில் வழிநடத்தி வந்தவரும் ஒருவர்.

நம் ஊரில் சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் உண்டல்லவா, அப்படி இங்கே ஃபோன் என்று ஒரு தென்காற்று (கைத்தொலைபேசியோடு குழப்பவேண்டாம்). பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அது இளஞ்சூட்டோடு வரும், சிலருக்குத் தலையிடி தரும், அவ்வளவுதான். மேலே முகட்டில் நிற்பவருக்கு அது வேறு ஆள். மேகத்தையும் பனியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அப்போது தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் பறப்பதும் வெள்ளை. சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கால் வைத்துத்தான் அறியவேண்டும். குடிலோ பாறை விளிம்பில் நிற்கிறது, பக்கத்தில் செங்குத்து. அங்கே ஐம்பது அடி தவறினால் குடில் கிடைக்காதது மட்டும் அல்ல, ஆளும் கிடைக்காது. அதனால்தான் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். நின்றால் குளிர்.

வெப்பமானி −10 பாகை காட்டுகிறது, காற்று மணிக்கு 80 கிலோமீற்றர் என்று வையுங்கள். திறந்த தோலுக்கு அது −24 போலிருக்கும். உடலின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே போகும்போது நடுக்கம் பிடிக்கும், பேச்சுக் குழறும். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் 'ஆள் தேறிவிட்டார்' என்று நினைக்கும் கணம் அது. உண்மையில் உடம்பு கைவிட்டுவிட்டது. சிலர் சூடாக இருக்கிறது என்று உடுப்பையே கழற்றுவார்கள்.

அன்று காலநிலை கெடும் என்ற முன்னறிவிப்பு இருந்தது. அதைத் தெரிந்தும் ஏன் வெளிக்கிட்டார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கமாட்டேன். எத்தனை காலைகளில் அதே அறிவிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதை வாசித்துவிட்டு வெளிக்கிட்டவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன்! 'மத்தியானத்துக்குப் பிறகுதானே' என்பார்கள். லீவு முடிகிறது, அடுத்த குடிலில் காசு கட்டியாயிற்று, நண்பர்கள் தயாராக நிற்கிறார்கள். மலையில் ஆளைத் தள்ளுவது காற்றுக்கு முந்தி இவைதான்.

எங்கள் குடிலில் ஒரு ஜூலை. ஆமாம், கோடையில்தான். அயல் குடிலிலிருந்து மூன்றுபேர் மத்தியானம் வெளிக்கிட்டதாகத் தொலைபேசி வந்தது. நான்கு மணித்தியால நடை. ஆறு மணிக்கு மூடுபனி, ஏழு மணிக்குப் பனி கொட்டுகிறது, ஆட்களைக் காணோம். வாசலில் மணி ஒன்று உண்டு, ஆனால் அதன் நாக்கு போன பருவமே கழன்று விழுந்துவிட்டது. இறக்கிச் சரிபார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஹுட்டன்வார்ட் குசினிக்குள் வந்து என்னைப் பார்த்தார், பிறகு சூப் காய்ச்சும் பெரிய அலுமினியக் கிடாரத்தைப் பார்த்தார். 'சூப்பை ஊத்திப்போட்டு அதைக் கொண்டு வா.'

வாசலில் நின்று அகப்பைக்காம்பால் தட்டினேன். கண்மண் தெரியாமல் தட்டியதற்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. மூன்று அடி, பிறகு நிறுத்து, காது கொடு, திரும்ப மூன்று. நிறுத்தாவிட்டால் அவர்கள் பதிலுக்குக் கத்துவது எப்படிக் கேட்கும் என்றார். ஒன்பது இருபதுக்கு விசில் சத்தம் ஒன்று வந்தது. குடிலுக்குக் கீழே இருநூறு மீற்றரில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒன்றரை மணித்தியாலமாகக் குந்தியிருந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு கிலோமீற்றர் இருக்கிறது என்று நினைத்தார்களாம். ஒருவரின் கையுறை ஒன்று காற்றோடு போயிருந்தது. அந்தக் கைவிரல்கள் மெழுகுதிரி போல வெள்ளை. அடுப்பில் காட்டவோ தேய்க்கவோ கூடாது, குளிப்பாட்டும் பிள்ளைக்கு வார்க்கிற சூட்டுத் தண்ணீரில் வைக்கவேண்டும். அவர் அழுதது இப்போதும் காதில் இருக்கிறது. கிடாரத்தின் நெளிவை நிமிர்த்தவே முடியவில்லை.

புனித பெர்னார்ட் நாய்கள் கழுத்தில் பிராந்திப் பீப்பாயோடு ஆட்களைக் காப்பாற்றியது உண்மையா?
— மாணவி, திருகோணமலை

நாய் உண்மை, பீப்பாய் பொய். பெரிய புனித பெர்னார்ட் கணவாயில், ஏறக்குறைய 2470 மீற்றர் உயரத்தில், பதினோராம் நூற்றாண்டிலிருந்து துறவியரின் தங்குமடம் இருக்கிறது. இன்றைக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே இருந்த பாரி என்ற நாய் 40 பேர் வரையில் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அது 1814-இல் செத்தது, பாடம் செய்து பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். பீப்பாய் ஓர் ஆங்கில ஓவியரின் கைவேலை. குளிரில் விறைத்தவருக்குச் சாராயம் கொடுப்பதைப்போல மடத்தனம் வேறில்லை. தோலுக்கு இரத்தம் ஓடிச் சூடுபோலத் தெரியும், உள்ளே இருந்த சூடு வெளியே போய்விடும். சீனி போட்ட தேத்தண்ணி கொடுங்கள்.

புதிய குடில்கள் எல்லாம் தகரமும் உருக்குமாக மினுங்குகின்றன. இடி விழாதா? மரத்தில் கட்டினால் பாதுகாப்பு அல்லவா?
— வாசகர், பாரிஸ்

இடி விழும். விழுந்து, சுவர் வழியே ஓடி, நிலத்துக்குப் போய்விடும். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் மட்டும்தான். உலோகத்தால் முழுக்க மூடிய பெட்டிக்குள் மின்சாரம் நுழையாது. காருக்குள் இருந்தால் இடிக்குப் பயமில்லை என்பதும் இதே கணக்கு. இத்தாலியின் மார்கெரிட்டா குடில் மொன்டே ரோசாத் தொடரில் 4554 மீற்றரில், ஒரு உச்சியின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. 1893-இல் அரசி மார்கெரிட்டா தானே ஏறி வந்த இடம். இப்போது இருக்கும் கட்டடம் 1980-இல் திறந்தது, வெளியே முழுக்கச் செப்புத்தகடு. அந்தத் தகடு இல்லாமல் அங்கே ஒரு கோடை இருக்கமுடியாது. மொன் பிளாங் பாதையில் 3835 மீற்றரில் 2013-இல் திறந்த கூட்டே குடிலுக்குத் துருப்பிடிக்காத உருக்கு. அது முட்டை வடிவம், காற்று பிடித்துக்கொள்ள மூலை கிடையாது.

ஆபத்து வெளியேதான். 1961 ஜூலையில் மொன் பிளாங்கின் ஃப்ரெனே தூண் என்ற செங்குத்துப் பாறையில் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமாக ஏழுபேர் உச்சிக்குக் கிட்ட மாட்டிக்கொண்டார்கள். ஒருவரை மின்னல் தாக்கியது. நாட்கணக்காகப் புயல் விடுவதாயில்லை. கடைசியில் கம்பா குடிலை நோக்கி இறங்கும் வழியில் நான்குபேர் இறந்தார்கள். தப்பிய மூவரில் இருவர் வால்டர் பொனாட்டியும் பியர் மசோவும். மசோ பிறகு பிரான்சில் அமைச்சராகவும் வந்தார்.

ஒன்று சொல்லவேண்டும். இடிமுழக்கம் என்றால் விருந்தினர் கைத்தொலைபேசியோடு குடிலின் வெளி விறாந்தைக்கு ஓடிப்போய்ப் படம் எடுப்பார்கள். சுவருக்குள்ளே இருங்கள் ஐயா, சுவரோடு சாய்ந்து வெளியே நிற்காதீர்கள். கூரையில் விழுந்தது அந்தச் சுவர் வழியாகத்தான் இறங்கும்.

மேட்டர்ஹோர்ன் மலையின் நடுவில் 4003 மீற்றரில் ஒரு குடில் இருக்கிறதாம். அதில் ஒரு இரவு தங்க எவ்வளவு?
— வாசகர், துபாய்

விலை கிடையாது, தங்கவும் கூடாது. அது சோல்வே குடில். பெல்ஜிய இரசாயனவியலாளர் ஏர்னஸ்ட் சோல்வே கொடுத்த பணத்தில் 1915-இல் கட்டியது. பத்துப்பேருக்கு இடம், உதவிக்கு அழைக்கக் கருவி, அவ்வளவுதான். புயலோ காயமோ வந்தால் மட்டும். படம் எடுக்க அங்கே படுத்தால், உண்மையில் விறைத்து வருகிறவருக்கு இடமிருக்காது.

குடில்களையே பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனால்? அப்படி நடந்திருக்கிறதா?
— மாணவர், வின்டர்தூர்

நடந்திருக்கிறது. இத்தாலியின் மார்மொலாடாவில் பியான் தேய் ஃபியக்கோனி குடிலை 2020 டிசெம்பரில் பனிச்சரிவு நொறுக்கியது. 2021 தொடக்கத்தில் சுவிசின் ட்ரிஃப்ட் குடிலுக்கும் அதே கதி. இரண்டும் ஆளில்லாத நேரம்.

ஆனால் பழைய ஆட்கள் கண்ட இடத்தில் கட்டவில்லை. சரிவு எந்தப் பள்ளத்தால் வருகிறது என்று பல குளிர்காலம் பார்த்துவிட்டு, பள்ளங்களுக்கு நடுவில் முதுகுபோல எழும்பிய பாறையில்தான் வைத்தார்கள். டாவோசுக்கு அருகே ஃப்ரவுவன்கிர்ஹ் என்ற இடத்துத் தேவாலயத்தின் பின்சுவரைப் பாருங்கள், கப்பலின் முன்பக்கம் மாதிரிக் கூராக இருக்கும். வருகிற பனியை இரண்டாகக் கிழித்துப் பக்கத்தால் அனுப்ப.

இப்போதைய கவலை வேறு. உயரத்துப் பாறை வெடிப்புகளுக்குள் நூற்றாண்டுகளாக உருகாத பனிக்கட்டி இருக்கிறது. எள்ளுருண்டையில் பாகு செய்யும் வேலையை அங்கே அந்தக் கட்டி செய்கிறது. வெயில் ஏற ஏறப் பாகு இளகுகிறது. ஷமோனிக்கு மேலே 3613 மீற்றரில் உள்ள கொஸ்மிக் குடிலின் அடிப்பாறையில் ஒரு பகுதி 1998-இலேயே சரிந்தது. முட்ஹோர்ன் குடிலைப் பக்கத்து மலையிலிருந்து பாறை விழும் என்று 2021-இல் மூடினார்கள். அலெட்ச் பனியாற்றின் ஓரத்தில் இருக்கும் கொன்கோர்டியா குடிலுக்கு வேறுவிதச் சோதனை. 1877-இல் கட்டியபோது பனியாறு கிட்டத்தில் இருந்தது. அது வற்றி வற்றிக் கீழே போக, இன்று பனியிலிருந்து குடிலுக்கு 400-க்கு மேல் இரும்புப்படி ஏறவேண்டும். களைத்து வருகிறவர்கள் அந்தப் படியடியில் குந்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரிடமும் தொலைபேசி, மேலே ஹெலிகொப்டர். இந்தக் காலத்தில் குடிலும் தேவையா?
— பெயர் வேண்டாம், சூரிச்

தம்பி, 2024 மார்ச் 9 அன்று செர்மாட்டிலிருந்து அரோலாவுக்கு ஆறுபேர் போனார்கள். எல்லோரும் பழகியவர்கள். தெத் பிளான்ஷ் பக்கம், 3500 மீற்றருக்குக் கிட்டப் புயல் பிடித்தது. உதவி கேட்டு ஒரு அழைப்பும் போய்ச் சேர்ந்தது. ஹெலிகொப்டர் பறக்க முடியவில்லை. நடந்து போன மீட்பர்களும் திரும்பவேண்டியதாயிற்று. அடுத்த நாள் இரவு போய்ச் சேர்ந்தபோது ஐந்து உடல்கள். ஆறாவது ஆளைக் காணவில்லை. உங்களுக்கு ஹெலிகொப்டர் கட்டாயம் தேவைப்படும் வேளையில்தான் அதனால் பறக்கமுடியாது. தொலைபேசியின் பற்றரியும் குளிரில் பாதி இருக்கும்போதே செத்துவிடும். உடம்போடு ஒட்டிய பொக்கற்றில் வையுங்கள்.

குளிர்கால அறைக்குள் கதவை அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பில் சமைக்கலாமா?
— வாசகர், ஒஸ்லோ

ஒரு யன்னலைச் சாடையாகத் திறந்துவைத்துவிட்டுச் சமையுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள். அறை சூடாகட்டும் என்று அடுப்பை எரியவிட்டு நித்திரைக்குப் போகவேண்டாம். கரியமிலவாயுவின் தம்பி ஒருவன் இருக்கிறான், காபன் மொனொக்சைட். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி வந்தால் உயரத்தால் என்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள். விறகடுப்பு என்றால் புகைக்கூண்டைப் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் வெளியே போய்ப் பார்க்கவேண்டும்.

என் மகனுக்கு 17 வயது. ஜூலையில் சிநேகிதப் பெடியளோடு குடிலுக்குக் குடில் நடக்கப் போகிறானாம். தடுத்தால் சண்டை, விட்டால் எனக்கு நித்திரையில்லை.
— ஒரு தாய், தூன்

தங்கச்சி, விடுங்கள். தடுத்தால் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிறவனை எந்தப் புத்தகத்திலும் தேடமுடியாது.

கோடையில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் எழும்பும். மத்தியானம் இரண்டு மணிக்குள் அடுத்த குடிலில் இருக்கும்படி காலையில் வெளிக்கிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாலையும் குடிலில் இருப்பவரிடம் நாளைப் பாதை எப்படி என்று வாயால் கேட்கச் சொல்லுங்கள். செயலியைப் பார்த்தால் மழை வருமா என்று தெரியும். மேற்குச் சரிவில் இன்னும் பழைய பனி கிடக்கிறதா என்பது அங்கே குசினியில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். சுவிசில் மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414, ஐரோப்பா முழுவதும் 112. தொலைபேசி எடுக்காவிட்டால் விசிலோ ரோர்ச்லைற்றோ போதும். ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் சும்மா, திரும்ப ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் கொடுப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆல்ப்ஸ் முழுக்க இதே கணக்கு. வீட்டுக்குள்ளேயே ஒருக்கால் செய்து காட்டச் சொல்லுங்கள். சிரிப்பான், பரவாயில்லை.

பிறகு ஒன்று கேளுங்கள்: 'எத்தனை மணிக்குத் திரும்புவாய்?' வீட்டுக்கு வரும் நேரத்தைச் சொல்லவில்லை. பாதை சரியில்லை என்றால் எத்தனை மணிக்குப் பின்னால் திரும்பி, புறப்பட்ட குடிலுக்கே வருவாய் என்பது. பெடியன் 'பார்ப்பம்' என்று சொன்னால் அவன் இன்னும் யோசிக்கவில்லை. 'பதினொரு மணி' என்றால் நீங்கள் நித்திரை கொள்ளலாம்.

காசு செலவழிக்க மனமிருந்தால் இரண்டாவது சோடி கையுறை ஒன்று வாங்கிக் கொடுங்கள். கம்பளியில்.